‘பாபுல் ஹதீத்’: வேடிக்கை பார்ப்போரும் சாட்சி நிற்போரும்

யூசுஃப் ஷாஹீன் இயக்கிய ‘பாபுல் ஹதீத்’ என்னும் எகிப்தியத் திரைப்படம் 1958ஆம் ஆண்டு கெய்ரோவில் வெளியானபோது பார்வையாளர்கள் அதனைச் சினத்துடன் நிராகரித்தனர். எகிப்தைப் பற்றி இருண்ட சித்திரம் தீட்டிவிட்டீர் என்று பழித்து ஒருவர் தம் முகத்தில் உமிழ்ந்ததாக ஷாஹீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். படம் பல்லாண்டுகள் எகிப்தில் காண்பாரற்றுக் கிடந்தது. அதே படம் 1996இல், எகிப்தியத் திரைத்துறையின் நூற்றாண்டையொட்டி விமர்சகர்கள் தேர்ந்த நூறு எகிப்தியப் படங்களின் பட்டியலில் நான்காம் இடம் பெற்றது. 2013இல் துபாய் திரைப்பட விழாவினர் வெளியிட்ட நூறு அரபுப் படங்களின் வரிசையில் இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டது.

படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. தீர்ப்பு மட்டும் தலைகீழாயிற்று. முன்னவர்கள் ரசனையற்றவர்கள், பின்னவர்கள் விவரமறிந்தவர்கள் என்று எளிதாகக் கூறிவிட்டுப் போவோர் உண்டு. அவ்விளக்கம் நமக்கு நிறைவளிக்கவில்லை. வெறுத்தவர்களின் வெறுப்பில் ஓர் உண்மை இருந்தது. போற்றியவர்களின் போற்றுதலில் ஒரு தப்பித்தல் இருந்தது. இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காமமும் கொலைவெறியும் கலந்த ஒரு படத்தைப் பற்றி இத்தகைய ஏட்டில் எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அரபு மொழியையும் அதன் இலக்கியத்தையும் கற்பிக்கும் நாம், அம்மொழி பேசும் மக்கள் கடந்த நூறாண்டுகளில் தம்மைத் தாமே எங்ஙனம் பார்த்துக்கொண்டனர் என்பதை அறியாமல் இருத்தல் இயலாது. முன்பு மகாமாக்களும் நெடுங்கதைகளும் ஆற்றிய பணியில் ஒரு பகுதியை இருபதாம் நூற்றாண்டில் கெய்ரோவின் திரைப்படம் எடுத்துக்கொண்டது. அதனை முற்றாக ஒதுக்குவோரும் சரி, முற்றாக வியப்போரும் சரி, அது என்ன சொல்கிறது என்று ஒருமுறை கேட்பது அறிவுக்கு அழகு.

கதையும் களமும்

‘பாபுல் ஹதீத்’ என்றால் இரும்பு வாயில். பழைய கெய்ரோவின் கோட்டை வாயில் ஒன்றுக்குரிய அப்பெயர், மக்கள் வழக்கில் நகரின் தலைமை இரயில் நிலையத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் ஆகிவந்தது. இரண்டாம் ராம்சேஸின் பெருஞ்சிலை 1955இல் அந்நிலையத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் நிறுவப்பட்டது. 2006இல் அது கீஸாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. படம் எடுக்கப்பட்ட காலத்தில் சிலை அங்கே புதிதாக நின்றிருந்தது. பெருஞ்செலவின் பகட்டு எதுவும் இப்படத்தில் இல்லை. கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் ஏறக்குறைய 77 நிமிடங்கள். கதை நிகழ்வது பெரும்பாலும் அந்நிலையத்தின் நடைமேடைகளிலும் தண்டவாளங்களிலும் சரக்குக் கிடங்குகளிலும்தான்.

கினாவி என்பவன் கால் ஊனமுற்ற செய்தித்தாள் விற்பனையாளன். தென் எகிப்தின் கினா வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன் என்பதை அவனது பெயரே அறிவிக்கிறது. கடைக்காரர் மத்பூலி இரக்கப்பட்டு அவனுக்கு வேலை தருகிறார். அவன் ஒண்டியிருக்கும் குடிலின் சுவர் முழுவதும் இதழ்களிலிருந்து கத்தரித்த பெண்களின் படங்கள். நிலையத்தில் அனுமதியின்றிக் குளிர்பானம் விற்றுக் காவலர்க்கு அஞ்சி ஓடும் ஹன்னூமா என்பாள் மீது அவன் தீராத வேட்கை கொள்கிறான். அவளோ சுமைதூக்கும் தொழிலாளியான அபூ ஸரீஃ என்பவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அபூ ஸரீஃ தன் தோழர்களைத் திரட்டித் தொழிற்சங்கம் காண முயல்பவன். அதனால் பழைய தலைவனின் பகைக்கு ஆளானவன்.

கினாவி ஹன்னூமாவிடம் திருமணம் பேசுகிறான். ஊரில் ஒரு வீடு, பிள்ளைகள் என்று கனவை விரிக்கிறான். அவள் நகைக்கிறாள். ஒரு பெண்ணைக் கொன்று பெட்டியில் அடைத்த செய்தி அன்றைய நாளிதழ்களில் பேசப்படுகிறது. அவனே விற்கும் தாள்களில் வந்த செய்தி அது. அவன் கத்தி வாங்குகிறான். இருளில் ஆள் தவறி வேறொருத்தியைக் குத்திப் பெட்டியில் அடைக்கிறான். அவள் உயிர் பிழைக்கிறாள். இறுதியில் ஹன்னூமாவையே பிடித்துத் தண்டவாளத்தில் கத்திமுனையில் வைத்திருக்கும்போது மத்பூலி நெருங்கி வந்து, “மகனே, உனக்குத் திருமணம்” என்னும் பொருள்படத் தேற்றி, மணக்கோல உடை என்று நம்பவைத்து, மனநோயாளிகளின் கைகளைப் பிணைக்கும் அங்கியை அணிவித்துவிடுகிறார். தன்னை ஏமாற்றியது தன்னைப் புரந்தவரே என்பதை உணர்ந்து கினாவி கதறுகிறான்.

கினாவியாக நடித்தவர் இயக்குநர் ஷாஹீனே. ஹன்னூமாவாக, கீழைத்தேயத்து மர்லின் மன்றோ என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட ஹிந்த் ருஸ்தும் நடித்தார். அபூ ஸரீஃ பாத்திரத்தை ஏற்றவர் ஃபரீத் ஷவ்கி. திரைக்கதை அப்துல் ஹய் அதீபுடையது.

இரு சொற்கள்

அரபு மொழியில் பார்வையாளரைக் குறிக்க இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ‘முதஃபர்ரிஜ்’. ஃபா, ரா, ஜீம் என்னும் மூல எழுத்துகளிலிருந்து பிறந்தது. ‘ஃபரஜ்’ என்றால் துன்பத்திலிருந்து விடுதலை, நெருக்கடி நீங்குதல். ஆகவே மனப்பாரம் இறங்க வேடிக்கை பார்ப்பவரே முதஃபர்ரிஜ். மற்றொன்று ‘முஷாஹித்’. ஷீன், ஹா, தால் என்னும் மூல எழுத்துகள். ‘ஷஹாதத்’ என்னும் சொல்லை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. நேரில் கண்டவர், கண்டதற்குச் சாட்சி நிற்கக் கடமைப்பட்டவர் என்னும் பொருள்கள் அதன் பின்னே நிற்கின்றன. இன்றைய பேச்சில் இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒன்றாகவே புழங்குகின்றன என்பது மெய்யே. எனினும் வேர்கள் வேறு. அவை சுட்டும் மனநிலைகளும் வேறு.

1958இல் அரங்குக்கு வந்தோர் முதஃபர்ரிஜ்களாக வந்தனர். அதில் அவர்கள் மீது குற்றமில்லை. ஃபரீத் ஷவ்கிக்கு ‘வஹ்ஷுஷ் ஷாஷா’ (திரையின் காட்டுவிலங்கு) என்றும், ‘மலிகுத் திர்ஸோ’ (மூன்றாம் வகுப்பு இருக்கைகளின் மன்னர்) என்றும் பட்டப்பெயர்கள் இருந்தன. மூன்றாம் வகுப்பு என்பது அரங்கின் மிக மலிவான இருக்கை. நாளெல்லாம் சுமை தூக்கியும் கல் உடைத்தும் களைத்தவர்கள் அமரும் இடம். அநீதி செய்தவனைத் தம் நாயகன் வீழ்த்துவதைக் கண்டு நெஞ்சு ஆறவே அவர்கள் காசு கொடுத்தனர். சுவரொட்டியில் ஷவ்கியின் பெயரும் ஹிந்த் ருஸ்துமின் முகமும் இருந்தால் அவர்கள் எதிர்பார்ப்பது இன்னதென்று யாவரும் அறிவர்: ஓர் அடிதடி, ஓர் ஆட்டம், இறுதியில் ஒரு திருமணம்.

கிடைத்ததோ வேறு. திரையின் நடுவில் நின்றவன் ஷவ்கி அல்லன். நொண்டி நடந்து, வியர்த்து, ஒளிந்து பார்க்கும் ஒருவன். அவனோ யார்? நகரத்துக்கு வந்து, மனைவியின்றி, வீடின்றி, காகிதத்துப் பெண்களைப் பார்த்தே இரவுகளைக் கழிக்கும் ஏழை. அதாவது அம்மலிவான இருக்கையில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவனாக இருக்கக்கூடியவன். பாரம் இறக்க வந்தவர் தலையிலேயே படம் பாரத்தை ஏற்றிவிட்டது. அவர்கள் கொதித்ததில் வியப்பென்ன?

நால்வகைக் கருத்துகள்

இப்படத்தைப் பற்றி எழுந்த கருத்துகளை நால்வகையாகப் பகுக்கலாம். முதல் வகை, மேற்சொன்ன ஏமாற்றம். இதனை நாம் மதிக்கிறோம். களைத்த மனிதர் ஆறுதல் தேடுவது இழிவன்று. ஆயினும் ஆறுதல் தரவில்லை என்பது ஒரு படைப்பு பொய்யானது என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாம் வகை, நாட்டின் மானம் பற்றிய முறையீடு. ‘எகிப்தின் நற்பெயர்’ என்னும் இவ்வழக்கு ஷாஹீனை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. 1991இல் கெய்ரோவைப் பற்றி அவர் எடுத்த குறும்படத்தின் மீதும் இதே பழி சுமத்தப்பட்டது. இவ்வழக்கை உற்றுநோக்கின் ஒன்று புலனாகும். நிலையத்தில் வீடற்றோர் கிடப்பதை யாரும் மறுக்கவில்லை. அதைக் காட்டியதே குற்றமாயிற்று. வீட்டில் நோயாளி இருப்பதைக் காட்டிலும் மருத்துவர் வந்துபோவதை அயலார் பார்த்துவிட்டார்களே என்று வருந்தும் குடும்பத்தின் மனநிலை இது. நம் சமுதாயமும் இதற்கு விலக்கன்று.

மூன்றாம் வகை, ஒழுக்கத்தின் பெயரால் எழும் மறுப்பு. படத்தில் ஆபாசம் உண்டு என்பது இதன் வாதம். இதனை ஒரேயடியாகத் தள்ளிவிட இயலாது. ஹன்னூமாவின் உடலையும் நடையையும் ஆட்டத்தையும் படப்பெட்டி கினாவியின் கண்களால் மட்டும் பார்க்கவில்லை. பல இடங்களில் தன் சொந்த விருப்பத்துடனும் பார்க்கிறது. நோயைக் காட்டப் புகுந்த படம் அந்நோயின் சுவையைச் சிறிது தானும் உண்டுவிட்டது என்றே நாம் கருதுகிறோம். எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. அக்காலத்து எகிப்தியப் படங்களில் இடையாட்டக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கண்டு மகிழ்ந்த அதே கூட்டம் இங்கே மட்டும் முகம் சுளித்தது ஏன்? அங்கே ஆட்டம் முடிந்ததும் கணக்கு முடிந்துவிடும். பார்த்தவர் எழுந்து போகலாம். இங்கே பார்த்தவன் கத்தி வாங்குகிறான். பார்வைக்கும் கத்திக்கும் இடையிலுள்ள தொலைவை இப்படம் ஒரே நாளின் நிகழ்ச்சிகளாகச் சுருக்கிக் காட்டிவிட்டது. அதுவே பொறுக்க முடியாததாயிற்று.

இதற்கு வேறு நாட்டிலும் சான்றுண்டு. 1960இல் இங்கிலாந்தில் மைக்கேல் பவல் ‘பீப்பிங் டாம்’ என்ற படத்தை வெளியிட்டார். பெண்களைப் படம்பிடித்தவாறே கொல்லும் ஒருவனின் கதை. அன்றைய பிரித்தானிய விமர்சகர்கள் அதனை அருவருப்புடன் தாக்கினர். புகழ்பெற்ற அவ்வியக்குநரின் தொழில் வாழ்வே அதனால் சரிந்தது. அதே ஆண்டில் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வோ பெரும் வருவாய் ஈட்டியது. இறுதியில் ஒரு மனநல மருத்துவர் தோன்றிக் கொலைகாரனின் நோயை விளக்கி, பார்ப்போரை அவனிடமிருந்து பிரித்து வைத்துவிடுகிறார். பவலின் படத்தில் அத்தகைய பாதுகாப்பு இல்லை; பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணையே அது சுட்டுகிறது. இவ்விரண்டுக்கும் ஈராண்டுகள் முன்னரே கெய்ரோவின் இரயில் நிலையத்தில் ஷாஹீன் இதனைச் செய்திருந்தார். கண்ணைச் சுட்டும் படம் கெய்ரோவிலும் இலண்டனிலும் ஒரே வகையில்தான் வரவேற்கப்பட்டது என்பதைக் கருதினால், 1958இன் பார்வையாளர்களைப் பின்தங்கியவர்கள் என்று இகழ்வதற்கு இடமில்லை.

நான்காம் வகை, பிற்காலத்துப் போற்றுதல். ஒளியமைப்பு, காட்சித் தொகுப்பு, இத்தாலிய நவயதார்த்தத்தின் சாயல், உளப்பகுப்பாய்வு ஆகிய தலைப்புகளில் படம் மெச்சப்பட்டது. ஹன்னூமாவும் அபூ ஸரீஃபும் உள்ளே இருக்க, வெளியே நிற்கும் கினாவியின் முகமும், இரயிலின் பாரத்தால் அழுந்தி எழும் தண்டவாளமும் மாறி மாறி வரும் காட்சி பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அப்பாராட்டுகள் தகும். ஆயினும் கலைநயத்தைப் பேசுவதே ஒரு திரையாகிவிடும் வாய்ப்புண்டு. அதே காட்சிக்குச் சற்று முன்னர் நடந்ததென்ன? அபூ ஸரீஃ ஹன்னூமாவை அடிக்கிறான். அடித்தபின் இணக்கமாகிறார்கள். படம் அதனைக் காதலின் ஓர் உறுப்பாகக் காட்டிக் கடந்துவிடுகிறது. போற்றுவோரும் தண்டவாளத்தின் உவமையை வியந்து கடந்துவிடுகின்றனர்.

நமது பார்வையில் படத்தின் மிகப்பெரும் குறை இதுவே. ஒரே பெண் மீது இருவர் கை ஓங்குகின்றனர். ஒருவன் பித்தன் எனக் கட்டப்பட்டுக் கொண்டுசெல்லப்படுகிறான்; மற்றவன் தொழிலாளர் தலைவனாகவும் வருங்காலக் கணவனாகவும் மதிப்புடன் நிற்கிறான். முன்னவனின் வன்முறை குற்றம். பின்னவனின் வன்முறை குடும்ப விவகாரம். வெறுத்தவர்களும் போற்றியவர்களும் ஒருசேரக் காணத் தவறிய இடம் இதுதான். ஷாஹீன் இதனை உணர்ந்து வைத்தாரா, அன்றைய வழக்கத்தை அப்படியே ஏற்றாரா என்று படத்தைக் கொண்டு அறுதியிட இயலவில்லை. ஆனால் சாட்சி நிற்பவர் கண்ட இரண்டையும் கூறக் கடமைப்பட்டவர். ஒன்றைக் கூறி மற்றொன்றை விழுங்கினால் அது சாட்சியமாகாது.

பார்வையின் பொறுப்பு

சூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்துமாறு இடப்படும் கட்டளை முதலில் நம்பிக்கை கொண்ட ஆண்களை நோக்கியும், அதன் பின்னரே பெண்களை நோக்கியும் அமைந்திருப்பதை நாம் அறிவோம். எனினும் ஒழுக்கம் பற்றிய நமது மேடைப் பேச்சுகளில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. பெண்ணின் உடையில் தொடங்கும் சொற்பொழிவு, பல வேளைகளில் ஆணின் கண் வரை வந்து சேர்வதேயில்லை. ‘பாபுல் ஹதீத்’ மார்க்க போதனை செய்ய எடுக்கப்பட்ட படமன்று. இயக்குநர் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் கேட்டின் தோற்றுவாயை அது தேடிச்செல்லும் இடம் ஹன்னூமாவின் ஆடையன்று, கினாவியின் சுவர். அச்சுவரில் ஒட்டப்பட்ட படங்களை அச்சிட்டு விற்றவர்கள் உண்டு. அவ்விதழ்களை அவனே சுமந்து விற்றிருக்கக்கூடும். வேட்கையை விற்பனைப் பொருளாக்கி ஏழையின் கையில் கொடுத்துவிட்டு, திருமணத்துக்கும் குடித்தனத்துக்கும் வேண்டிய வாழ்வை அவனுக்கு மறுக்கும் ஓர் ஒழுங்கை இப்படம் பெயர் சொல்லாமல் குற்றஞ்சாட்டுகிறது. 1958இல் சுவரில் ஒட்டிய காகிதம், இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒளிரும் கண்ணாடியாகிவிட்டது. கினாவியின் குடில் சுருங்கிக் கைக்குள் அடங்கிவிட்டது எனலாம்.

அவ்வாறாயின் இப்படத்தை யாவரும் காண வேண்டும் என்கிறீரா என்று மாணவர் கேட்பர். அங்ஙனம் நாம் கூறவில்லை. தேவையின் பொருட்டு அனுமதிக்கப்படுவது அத்தேவையின் அளவுக்கே அனுமதிக்கப்படும் என்பது ஃபிக்ஹின் அறிந்த விதி. சாட்சியத்துக்காகவும் மருத்துவத்துக்காகவும் பார்வைக்கு இடமளித்த அறிஞர்கள் அதற்கு எல்லையும் வகுத்தனர். அரபு இலக்கியத்தையும் சமூக வரலாற்றையும் ஆராய்பவருக்கு இப்படத்தில் வேலையுண்டு; பொழுதுபோக்கத் தேடுபவருக்கு இல்லை; அவர்கள் எப்படியும் ஏமாற்றமே அடைவர். காண விரும்பாதவர் காணாதிருத்தல் அவரது பேணுதல். அதனை நாம் மதிக்கிறோம். ஆனால் காணாதவர் அதன் தகுதி பற்றித் தீர்ப்புக் கூறாதிருத்தலும் அதே பேணுதலின் பகுதியாகும். காணாத ஒன்றுக்குச் சாட்சியம் ஏற்கப்படுவதில்லை.

கண்டவர்க்கோ வேறொரு கடமையுண்டு. தமக்கே எதிராக அமையினும் உண்மைச் சாட்சியம் பகர வேண்டும் என்பது நாம் சிறு வயது முதல் ஓதிவரும் நெறி. திரைப்பட விமர்சனத்தில் அதற்கு என்ன பொருள்? காட்சி எவ்வாறு அமைந்தது என்று கூறுவதோடு, அக்காட்சியைக் கண்டபோது தம் கண் எங்கே நின்றது என்பதையும் மறைக்காமல் கூறுவதே. இப்படத்தைப் பற்றி எழுதிய பலரும் கினாவியை அவன் என்றே சுட்டினர். நாம் என்று கூறத் துணிந்தவர் அரியர். முகத்தில் உமிழ்ந்த அந்தப் பெயரறியா மனிதரோ, தமக்கு நேர்ந்ததை உடனே உணர்ந்துவிட்டவர் போலத் தோன்றுகிறார். அவர் கூறிய காரணம் நாட்டின் மானம்; அவரைச் சுட்டது அதைவிட அண்மையில் இருந்த ஏதோ ஒன்று என ஊகிக்க இடமுண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்துப் பட்டியலில் இடமளித்தவர்களைக் காட்டிலும், படம் தம்மை நோக்கிப் பேசுகிறது என்பதை அவர் கூர்மையாக அறிந்திருந்தார்.

ஷாஹீன் 2008இலும் ஹிந்த் ருஸ்தும் 2011இலும் மறைந்தனர். ‘பாபுல் ஹதீத்’ இன்று செப்பனிடப்பட்ட தெளிவான படியாகக் கிடைக்கிறது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாகவும் பயிற்றப்படுகிறது. இனி அதனை எவரும் வெறுக்கப் போவதில்லை. புகழ்பெற்றுவிட்ட ஒன்றை வெறுப்பது கடினம். அதனால்தான் அதனைக் காண நேரும் நம் ஆய்வு மாணவர்களுக்கு ஒன்றை வலியுறுத்துகிறோம். கினாவியின் பித்தையும் அபூ ஸரீஃபின் அறையையும் ஒரே தாளில் எழுதுங்கள். படப்பெட்டி வரம்பு மீறிய இடங்களையும் குறியுங்கள். அதன் பின்னர் ஒளியமைப்பைப் பற்றி எழுதலாம்.